குரல்வளையை எடுப்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 61 வயது. நாற்பது வருடமாகப் புகைக்கிறார். ஐந்து மாதமாகக் குரல் கம்மிப்போய்க் கிடக்கிறது. முதல் பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தது. இரண்டாவதில் குரல்நாணில் கேன்சர் என்று வந்துவிட்டது. டி3 என்கிறார்கள், கழுத்தில் நெறி எதுவும் இல்லை. ஒரு டாக்டர் குரல்வளையை முழுதாக எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்துக் குரலைக் காப்பாற்றலாம் என்கிறார். எதைச் செய்தால் அப்பா அதிக நாள் இருப்பார்? அவரிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை."

இரண்டு டாக்டர்களில் ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். டி3 அப்படிப்பட்ட கட்டம். இரண்டு வழியும் திறந்திருக்கும். நான் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஒரு உறுப்போடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிற குடும்பங்கள் எல்லாமே உங்களைப் போல, குரல் போகுமா போகாதா என்பதில்தான் தொடங்குகின்றன. அதில் தப்பில்லை. ஆனால் முடிவெடுக்க அந்தக் கேள்வி போதாது.

குரல்வளை என்று பெயர் வைத்ததே நம்மைத் திசைதிருப்பிவிட்டது என்று எனக்குத் தோன்றும். பெயர்தான் குரல்வளை, பார்க்கிற வேலை காவல் வேலை. தொண்டையில் காற்றுக்கும் சோற்றுக்கும் பாதை ஒன்றுதான். அது இரண்டாகப் பிரிகிற முச்சந்தியில் இந்த உறுப்பு நிற்கிறது. நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் மேலே ஏறி, மூடிக்கொண்டு, நுரையீரலுக்குள் எதுவும் இறங்காமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு சொட்டு தப்பினாலும் புரையேறி இருமல் வருகிறதல்லவா, அந்த இருமலும் இதன் ஏற்பாடுதான். பேச்சு அப்புறம் வந்து சேர்ந்த கூடுதல் வேலை. அதனால் "குரல்வளை உடம்பில் இருக்கிறதா" என்பது ஒரு கேள்வி, "அது வேலை செய்கிறதா" என்பது வேறொரு கேள்வி. உங்கள் அப்பாவின் அடுத்த பத்து வருடம் இந்த இரண்டாவது கேள்வியைத்தான் சுற்றி வரப்போகிறது.

முதல் பயாப்ஸிக்காக யாரையும் நொந்துகொள்ளாதீர்கள். மேலோட்டமாக எடுத்த துணுக்கில் நோய் சிக்காமல் போவது புதிதல்ல. 1887-இல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்குக் குரல் கம்மியபோது, குரல்நாணில் இருந்து எடுத்த துணுக்குகளை நோயியலின் தந்தை எனப்பட்ட விர்ஷோவே பார்த்துவிட்டு, புற்றுநோய்க்கு அடையாளமில்லை என்றார். அறுவை செய்யலாம் என்ற ஜெர்மன் மருத்துவர்களின் பேச்சு நின்றுபோனது. 1888 மார்ச்சில் அவர் பேரரசரானபோது கழுத்தில் மூச்சுத் துளையோடு, சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். 99 நாள் ஆண்டார். ஆகவே, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், அதுவும் புகைக்கிறவர் என்றால், ஒரு ரிப்போர்ட் நல்லதாக வந்தது என்று விட்டுவிடக் கூடாது. இரண்டாவது முறை எடுத்தார்களே, அது சரியான வேலை.

இனி டி3 என்றால் என்ன. மூக்கு வழியாகக் கேமரா விட்டு, "ஈ" என்று நீட்டிச் சொல்லுங்கள் என்போம். நல்ல தொண்டையில் இரண்டு நாண்களும் இரட்டைக் கதவு மாதிரி நடுவில் வந்து ஒட்டும். மூச்சை இழுக்கச் சொன்னால் விலகித் திறக்கும். டி1 என்றால் கட்டி நாணின் மேல் மட்டும் இருக்கிறது, கதவு நன்றாக ஆடுகிறது. டி2-வில் கொஞ்சம் மேலேயோ கீழேயோ பரவியிருக்கும், அல்லது அசைவு மந்தப்பட்டிருக்கும். டி3-யில் பெரும்பாலும் ஒரு பக்கக் கதவு அப்படியே நின்றுவிட்டிருக்கும். கட்டி உள்ளே தசைக்குள் இறங்கி நாணைக் கட்டிப்போட்டுவிட்டது என்று அர்த்தம். டி4ஏ என்றால் முன்கழுத்தில் கையில் தட்டுப்படுகிறதே, அந்தக் குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. டி3-க்கும் டி4ஏ-வுக்கும் நடுவில் உள்ள கோடு ரொம்ப மெல்லியது, அதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் சிகிச்சையில் அந்தக் கோடு பெரிய சுவர்.

நோய் தொடங்கிய இடமும் முக்கியம். குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, அதனால் அங்கே தொடங்கிய கட்டி கழுத்து நெறிகளுக்குப் போக நாளாகும். குரலும் உடனே கம்மிக் காட்டிக்கொடுத்துவிடும். நாணுக்கு மேலே தொடங்கினால் கதை வேறு: குரல் நன்றாகவே இருக்கும், தொண்டையில் ஏதோ உறுத்தும், காதில் எந்தக் கோளாறும் இல்லாமல் காது வலிக்கும், அதற்குள் கழுத்தில் நெறி கட்டியிருக்கும். உங்கள் அப்பாவுக்கு நாணில் தொடங்கியதும் நெறி இல்லாததும் நல்ல செய்திகள். இந்த நோயில் கிடைக்கிற நல்ல செய்திகளை நான் விடுவதில்லை.

டி1, டி2 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. டி1-ஐ வாய் வழியாக லேசரால் சீவி எடுத்தாலும் சரி, ஐந்தரை முதல் ஆறரை வாரம் ரேடியேஷன் கொடுத்தாலும் சரி, பத்தில் ஒன்பது பேருக்கு அந்த இடத்தில் நோய் அடங்கிவிடும். இந்த உடம்பில் வருகிற புற்றுநோய்களில் இவ்வளவு சுலபமாகக் கைக்கு அடங்குவது கொஞ்சம்தான். ஐந்து மாதத்துக்குப் பதில் ஒரு மாதத்தில் வந்திருந்தால் என்று இப்போது யோசித்து உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது குரல் கம்மியிருந்தால் அவர்களுக்காகச் சொன்னேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். 1990 வரை முற்றிய குரல்வளைப் புற்றுநோய் என்றால் எடுத்துவிடுவது என்பதே பெரும்பாலும் வழக்கம். 1991-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. பாதிப் பேருக்குக் குரல்வளையை எடுத்து ரேடியேஷன். மீதிப் பேருக்கு முதலில் கீமோ, கட்டி சுருங்கினால் ரேடியேஷன், சுருங்காவிட்டால் அறுவை. இரண்டு வருட முடிவில் இரு பக்கமும் 100-க்கு 68 பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோ பக்கம் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையும் மிஞ்சியது. உயிரில் நஷ்டமில்லாமல் உறுப்பு மிஞ்சுகிறது என்று தெரிந்ததும் உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருந்தது, பலர் அதை வேகமாகத் தாண்டிவிட்டார்கள்: கீமோ பக்கம் டி4 கட்டி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கடைசியில் குரல்வளையை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய ஆய்வு 2003-இல் வந்தது. 500-க்கும் மேற்பட்டவர்கள், மூன்று பிரிவுகள். ஒன்று, ரேடியேஷன் மட்டும்; இன்னொன்று, முதலில் கீமோ, அப்புறம் ரேடியேஷன்; மூன்றாவது, இரண்டும் சேர்த்து ஒரே நேரத்தில். இரண்டு வருடத்தில் குரல்வளை மிஞ்சியவர்கள் முறையே 70, 75, 88 சதவீதம். சேர்த்துக் கொடுப்பதே சிறந்தது என்று முடிவானது. இன்றைக்கும் உங்களிடம் சொல்லப்படுகிற "கீமோ ரேடியேஷன்" அதுதான்.

பத்து வருடம் கழித்து அதே நோயாளிகளை எண்ணிப் பார்த்தார்கள். 2013-இல் வந்த அந்தக் கணக்கைத்தான் நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் நிறுத்திச் சொல்வேன். குரல்வளை மிஞ்சியதில் சேர்த்துக் கொடுத்த பிரிவுதான் அப்போதும் முன்னால், 82 சதவீதம். ஆனால் பத்து வருடம் உயிரோடு இருந்தவர்கள்? முதலில் கீமோ வாங்கியவர்களில் 39 சதவீதம், ரேடியேஷன் மட்டும் வாங்கியவர்களில் 32, சேர்த்து வாங்கியவர்களில் 28. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் உறுதியானதல்ல, தற்செயலாகவும் இருக்கலாம். என்றாலும் சேர்த்து வாங்கிய பிரிவில் குரல்வளைப் புற்றுநோய் அல்லாத காரணங்களால் இறந்தவர்கள் அதிகம் என்பதும் பதிவாகியிருந்தது. நோய் போய்விட்டது, குரல்வளை இருக்கிறது, ஆள் இல்லை. ஏன் என்று அந்த ஆய்வால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. என் அனுபவத்தில் நான் சந்தேகப்படுகிறது சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்குகிற உணவை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரேடியேஷன் கட்டியை மட்டும் தொடுவதில்லை. சுற்றியுள்ள தசைகளும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகிப் பட்டைபோல் ஆகும். குரல்வளை மேலே ஏறுவது குறையும், மூடுவது பிந்தும். அதோடு தொண்டையின் உள்தோலின் உணர்ச்சியும் மழுங்கும். சாதாரண ஆளுக்குப் புரையேறினால் கண்ணில் நீர் வர இருமுவார். இவர்களுக்குப் புரையேறுவதே தெரியாமல் புரையேறும். எதிரில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார், முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது, இருமலே வராது. குடித்து முடித்துப் பேசும்போது மட்டும் குரல் கொழகொழவென்று தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் எனக்கு அன்றைக்கு நாள் சரியிருக்காது. வருடத்துக்கு இரண்டு தடவை "நெஞ்சில் சளி, காய்ச்சல்" என்று வேறெங்கோ மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்; யாரும் தொண்டையைச் சம்பந்தப்படுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்காகக் கீமோ ரேடியேஷன் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. டி3-யில் அதில் நன்றாக இருப்பவர்கள் ஏராளம். யாருக்கு அது சரிவரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம், அந்தக் கணிப்பைச் செய்யாமல் தொடங்குவதுதான் தப்பு. அப்பா இப்போது சிரமமில்லாமல் மூச்சு விடுகிறாரா? தண்ணீர் குடித்தால் இருமுகிறாரா? எடை எவ்வளவு குறைந்தது? நுரையீரல் எப்படி? கட்டியின் அளவு சின்னதா, குரல்வளை முழுக்க நிரப்பியிருக்கிறதா? குருத்தெலும்புக்குள் இறங்கிய அடையாளம் ஸ்கேனில் இருக்கிறதா? மூச்சுத் திணறலுக்காகக் கழுத்தில் ஏற்கனவே துளை போட வேண்டிவந்த ஆள், குழாய் வழியாகத்தான் சாப்பிடுகிற ஆள், இவர்களுக்குக் குரல்வளையை மிச்சம் பிடித்து என்ன பயன்? பழுதான காவலாளியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது போலத்தான். அங்கே எடுத்துவிடுவதே மரியாதை. டி4ஏ-வுக்கும் பெரும்பாலும் அப்படியே. அமெரிக்காவில் மற்ற பெரும்பாலான புற்றுநோய்களில் பிழைப்போர் கூடிக்கொண்டிருந்தபோது, குரல்வளையில் 1980-களின் நடுவிலிருந்து 1990-களின் நடுவு வரை பிழைப்போர் விகிதம் குறைந்தது என்று 2006-இல் ஒரு பெரிய தரவுத் தொகுப்பு காட்டியது. அறுவை குறைந்து கீமோ ரேடியேஷன் கூடிய காலம் அது. அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் எங்கள் துறையில் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் குறைவு.

நீங்கள் கீமோ ரேடியேஷன் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தலையும் கழுத்தும் அசையாமலிருக்க, சுடுநீரில் இளக்கிய வலைத்தகட்டை முகத்தில் வைத்து முகமூடி செய்வார்கள். வாரம் ஐந்து நாள், ஏழு வாரம், மொத்தம் 35 தடவை, 70 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு). ஒவ்வொன்றும் சில நிமிடம்தான், வலிக்காது. கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறையோ வாராவாரமோ. அது சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும் மருந்து. கேட்கும் திறனை முன்பே சோதித்து வைக்கச் சொல்லுங்கள். 70 வயதுக்கு மேல் கீமோவைச் சேர்ப்பதால் கிடைக்கிற பலன் தேய்ந்துபோகும் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது; அப்பாவுக்கு 61, அதனால் அந்தப் பிரச்சினை இல்லை. முதல் இரண்டு வாரம் "இவ்வளவுதானா" என்பார். மூன்றாவது வாரம் வாய் உலரும், ருசி போகும். ஐந்தாவது வாரம் எச்சில் விழுங்கவே முகம் சுளிப்பார். அந்த வாரத்தில்தான் "நாலு நாள் ஓய்வெடுத்துக்கொண்டு வருகிறேன்" என்று கேட்பார்கள். விடாதீர்கள். இடையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் மிஞ்சிய கட்டிக்கு வளர அவகாசம்; ஒரு நாள் தள்ளிப்போனால் நோய் அடங்குகிற வாய்ப்பு சுமார் ஒரு சதவீதம் குறைகிறது என்பது பொதுவான கணக்கு. வலிக்கு மருந்து கேளுங்கள், தேவையானால் மூக்குக் குழாய் போடுங்கள், 35-ஐ முடித்துவிடுங்கள்.

ஆனால் மூக்குக் குழாய் இருக்கிறதே என்று வாயால் விழுங்குவதை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. விழுங்கும் தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது வேலையை மறந்துவிடும். சிகிச்சை தொடங்கும் முன்பே விழுங்கல் பயிற்சியாளரைப் பார்த்து, தினம் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளட்டும். வலித்தாலும் சிகிச்சை முழுக்க வாயால் கொஞ்சமாவது சாப்பிட்டு, பயிற்சியும் செய்தவர்கள்தான் பின்னாளில் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். பல் டாக்டரையும் முன்பே பாருங்கள். சொத்தைப் பல்லை ரேடியேஷனுக்கு முன் பிடுங்கினால் இரண்டு வாரத்து வேலை. பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. அது வருடங்கள் கழித்தும் வரும்.

புகை. இதை நான் மெதுவாகச் சொல்லப்போவதில்லை. 1993-இல் வந்த ஆய்வு ஒன்றில் ரேடியேஷன் நடக்கும்போதும் தொடர்ந்து புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாக மறைந்தது. விட்டவர்களிலும் புகைக்காதவர்களிலும் 74 சதவீதம். இரண்டு வருடம் பிழைத்தவர்கள், புகைத்தவர்களில் 39 சதவீதம், மற்றவர்களில் 66. எந்த மருந்தைச் சேர்த்தாலும் கிடைக்காத வித்தியாசம் இது. "வந்ததுதான் வந்துவிட்டது, இனி விட்டு என்ன" என்று பலர் சொல்வார்கள். இனிதான் விட வேண்டும். குடியும் அப்படியே. தனித்தனியாகச் செய்கிற கெடுதலைக் கூட்டினால் வருவதைவிட, இரண்டும் சேர்ந்து செய்கிற கெடுதல் அதிகம்.

இனி மற்ற வழி. குரல்வளையை முழுதாக எடுக்கும் அறுவையைப் புற்றுநோய்க்காக முதலில் செய்தவர் வியன்னாவில் பில்ரோத், 1873-இன் கடைசி நாளில். அந்த நோயாளி சில மாதங்களில் நோய் திரும்பி இறந்துபோனார். இன்று அது நன்றாகத் தேர்ந்த அறுவை. மூச்சுக்குழாயைக் கழுத்தின் முன்பக்கம் கொண்டுவந்து தோலோடு தைத்துவிடுவோம். அதற்கப்புறம் மூச்சு அந்தத் துளை வழியாகத்தான், வாழ்நாள் முழுக்க. வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பு அற்றுவிடும். முச்சந்தி இரண்டு தனித் தெருவாகிவிடுகிறது, புரையேறவே வழியில்லை. தொண்டைத் தையல் ஆறியதும் வாயால் சாப்பிடலாம். எடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட்டைப் பார்த்து ரேடியேஷன் தேவையா என்று சொல்வார்கள். தேவை என்றால் அறுவை முடிந்த ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ரேடியேஷன் தோற்று அப்புறம் எடுக்க நேர்ந்தாலும் இதே அறுவைதான். ஆனால் வெந்துபோன சதையில் தைப்பதால் தையல் விட்டு எச்சில் கழுத்து வழியாகக் கசிவது மிக அதிகம். மார்பிலிருந்தோ தொடையிலிருந்தோ நல்ல சதையைக் கொண்டுவந்து வைத்துத் தைப்பதெல்லாம் அதனால்தான்.

குரல் போய்விடுமே என்றால், பழைய குரல் போகும். பேச்சு போக வேண்டியதில்லை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுச்சுவரில் சின்னத் துளையிட்டு, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சிலிக்கோன் வால்வைப் பொருத்துவோம். 1970-களின் கடைசியில் சிங்கர், புளோம் என்ற இரு அமெரிக்கர்கள் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். விரலால் கழுத்துத் துளையை மூடினால் நுரையீரல் காற்று வால்வு வழியே தொண்டைக்கு வந்து அதன் சுவரை அதிரவைக்கும். நாக்கும் உதடும் பழையபடி இருப்பதால் அந்த அதிர்வு சொல்லாகிவிடும். முதல் நாள் வால்வு வைத்துவிட்டு, "ஆ சொல்லுங்கள்" என்போம். பலர் விரலை ரொம்ப அழுத்திவிடுவார்கள், வெறும் புஸ் என்று காற்று. "லேசாக, கண்ணைத் தொடுகிற மாதிரி" என்று சொல்லிக்கொடுப்போம். மூன்றாவது நான்காவது முயற்சியில் திடீரென்று கட்டையான ஒரு "ஆ" வரும். வந்ததும் ஆள் பயந்து விரலை எடுத்துவிடுவார். பின் மறுபடி வைப்பார். ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொன்னால் பத்தோடு நிறுத்த மாட்டார்கள். என்னிடம் ஒருவர் நாற்பத்தேழு வரை போய்விட்டு, அப்புறம்தான் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். வால்வு சில மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பூஞ்சை படிந்து ஒழுக ஆரம்பிக்கும். மூக்கு செய்துவந்த வேலை, அதாவது காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசி வடிகட்டுவது, நின்றுவிடுவதால் முதல் சில மாதம் சளி உறைந்து பொருக்குத் தட்டும். துளையின் மேல் போடும் ஈரவடிகட்டி இதற்கு நல்லது. மூக்கில் காற்று போகாததால் வாசனை தெரியாது. வாயை மூடிக்கொண்டே கொட்டாவி விடுவது மாதிரி தாடையைக் கீழே இறக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது, அதில் பலருக்கு ஓரளவு திரும்பி வருகிறது. நீச்சல் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்க முடியாது, மலச்சிக்கலில் முக்கவும் முடியாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது: ஆபத்தில் ஆக்ஸிஜன் கொடுக்க நேர்ந்தால் கழுத்தில்தான் கொடுக்க வேண்டும். முகத்தில் மாஸ்க் வைத்தால் ஒரு துளிக் காற்றும் உள்ளே போகாது. இதை ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

எத்தனை நாள் என்ற கேள்வி. அமெரிக்கப் பதிவுகளில் குரல்வளைப் புற்றுநோய் எல்லாக் கட்டமும் சேர்த்து 100-க்கு 60 பேர் போல ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். குரல்வளைக்குள்ளேயே இருந்தால் 80-ஐ நெருங்கும்; பக்கத்துத் திசுவுக்கோ நெறிகளுக்கோ பரவியிருந்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு; தூரத்துக்குப் போயிருந்தால் மூன்றில் ஒன்று. நெறியில்லாத டி3, இதில் முதலில் சொன்ன இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். இணையத்தில் "தொண்டைப் புற்றுநோய், எச்பிவி வைரஸ் இருந்தால் பிழைப்பு அதிகம்" என்று படித்துவிட்டு வருவீர்கள். அது டான்சில், நாக்கின் அடிப்பகுதியைப் பற்றியது, குரல்வளைக்கு அதைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

அந்த எண்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நோய் திரும்புவதில் பெரும்பாலானவை முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். இரண்டு வருடம் சுத்தமாகத் தாண்டிய ஆளுக்கு முதல் நாள் சொன்ன சதவீதம் பொருந்தாது, அதைவிட நல்ல நிலையில் இருக்கிறார். அதனால்தான் முதல் வருடம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் வருடம் இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வரச் சொல்கிறோம். மூன்றாம் வருடத்திலிருந்து இடைவெளி கூடும். ஐந்துக்கு மேல் வருடத்துக்கு ஒரு தடவை போதும். ஆனால் அந்த ஒரு தடவையை நிறுத்தக் கூடாது, ஏனென்றால் ஐந்து வருடத்துக்கு அப்புறம் எதிரி மாறிவிடுகிறான். நாற்பது வருடப் புகை குரல்நாணை மட்டுமா தொட்டிருக்கும்? வாயிலிருந்து நுரையீரல் வரை முழுப் பாதையும் அதே புகையைக் குடித்திருக்கிறது. ஆண்டுக்கு 100-க்கு சுமார் மூன்று பேருக்கு முற்றிலும் புதிய இரண்டாவது புற்றுநோய் வருகிறது, நுரையீரலில்தான் அதிகம். பல வருடம் கழித்து நுரையீரலில் ஒற்றைக் கட்டி தெரிந்தால் "பரவிவிட்டது, முடிந்தது" என்று வீட்டுக்கு அழைத்துப்போகாதீர்கள். அது ஆரம்ப நிலையில் சிக்கிய புது நோயாக இருக்கலாம், குணப்படுத்தக்கூடியதாகவும் இருக்கலாம். மாரடைப்பும் நாட்பட்ட நுரையீரல் நோயும் இதே வரிசையில் நிற்கின்றன.

சின்னதாகத் தோன்றும், ஆனால் அடிக்கடி தவறுகிற ஒன்று தைராய்டு. கழுத்தில் ரேடியேஷன் பட்டவர்களில் கணிசமானவர்களுக்குச் சில வருடத்தில் தைராய்டு சுரப்பு குறையும். அசதி, குளிர் தாங்காமை, மனச்சோர்வு. வீட்டில் "அந்த நோயையே நினைத்து ஒடுங்கிப்போய்விட்டார்" என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை பார்த்து, தைராய்டு சுரப்பு குறைந்திருந்தால் தினம் ஒரு மாத்திரை. இரண்டு மாதத்தில் ஆள் எழுந்து நடமாடுவார்.

நோய் திரும்பினாலும் ரேடியேஷன் பக்கம் போனவருக்கு அறுவை இன்னும் கையில் இருக்கிறது. அறுவைக்கு எட்டாத நிலையில், நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் 2016 முதல் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் கேட்காது. கேட்கிற சிலருக்கு வருடக்கணக்கில் கேட்கிறது.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று அடுத்து கேட்பீர்கள். அப்பா சிரமமில்லாமல் மூச்சு விட்டு, இருமாமல் தண்ணீர் குடித்து, குருத்தெலும்பு சேதமில்லாமல், ஏழு வாரமும் ஒரு நாள் விடாமல் போகக்கூடியவராக, அதற்குப் பிறகு அடிக்கடி வந்து காட்டக்கூடியவராக இருந்தால் கீமோ ரேடியேஷன். இவற்றில் இரண்டு இடிந்தாலும் அறுவை. இரண்டு டாக்டரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஸ்கேனைப் பார்க்கச் சொல்ல முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. அப்படிப்பட்ட கூட்டுக்குழு உள்ள இடத்தில் காட்டுங்கள்.

ஆனால் இதில் எதையும் அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய முடியாது. அவரிடம் சொல்லவில்லை என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அறுவை என்றால் கண்விழிக்கும்போது குரல் இருக்காது, அதை எப்படி மறைப்பீர்கள்? ரேடியேஷன் என்றாலும் ஏன் புகையை விட வேண்டும், ஏன் ஐந்தாவது வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போக வேண்டும் என்று தெரியாமல் யார் போவார்? பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. நாம் வருந்துவோமே என்று அவர்கள் நம்மிடம் மறைக்கிறார்கள். எங்கள் வார்டில் ஒரு ஏற்பாடு உண்டு. அறுவைக்கு இருப்பவரைப் பார்க்க, பழைய நோயாளி ஒருவரை வரச் சொல்வோம். பதினொரு வருடத்துக்கு முன் குரல்வளையை எடுத்தவர், கழுத்தில் சின்னத் துணி, கையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்வார். நாங்கள் எல்லாரும் வெளியே வந்துவிடுவோம், மகன் மகள் உட்பட. விரலை வைத்துக்கொண்டு அந்தக் கட்டைக் குரலில் அவர் பேச ஆரம்பிப்பது கதவுக்கு வெளியே கேட்கும். அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, அவர் கழுத்து வால்வைக் கிட்டப் பார்த்து ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பார்.